மோரிஸ் த விளாமிங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன ஓவியம் பற்றிய பேச்சில் வான்கோவுக்கும் மத்தீஸுக்கும் பிக்காஸோவுக்கும் கிடைக்கும் இடம் விளாமிங்குக்குக் கிடைப்பதில்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அவருடைய சிவப்பு மரங்கள் மீதும் கருத்த பனிச் சாலைகள் மீதும் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அதனால் சில விடைகள் நீண்டுவிட்டன.

விளாமிங்க் யார்?

1876 ஏப்ரல் 4 அன்று பாரிஸில் பிறந்த பிரெஞ்சு ஓவியர். 1905இல் கலக்காத தூய நிறங்களால் பாரிஸை அதிரவைத்த ஃபோவ் என்ற ஓவியர் குழுவில் மத்தீஸ், தெரேன் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். ஓவியத்தை முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளும் முன் சைக்கிள் பந்தயத்தில் ஓடினார், வயலின் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் குடும்பம் நடத்தினார், நாவல் எழுதினார். பிற்காலத்தில் நகரத்தை விட்டு விலகி, வயல்கள் சூழ்ந்த வீட்டில் இருந்துகொண்டு புயலும் பனியும் நிறைந்த நிலக்காட்சிகளை வரைந்தார். 1958 அக்டோபர் 11 அன்று ருவேய்-லா-கதலியேர் என்ற சிற்றூரில் காலமானார்.

எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர் என்பது உண்மையா?

பள்ளியில் படிக்கவில்லை என்பது உண்மை. பாரிஸின் நுண்கலைப் பள்ளி வாசலை அவர் மிதிக்கவில்லை. தன் கோபால்ட் நீலத்தாலும் வெர்மிலியன் சிவப்பாலும் அந்தப் பள்ளியைக் கொளுத்திவிட ஆசைப்பட்டதாகப் பின்னாளில் எழுதினார். அருங்காட்சியகங்களுக்குப் போவதும் தனக்குப் பிடிக்காது என்று ஊரறியச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் யாரிடமும் எதையும் கற்காதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1893 வாக்கில் ஷத்தூ தீவில் ஆன்ரி ரிகலோன் என்ற ஓவியரோடு சேர்ந்து வரையக் கற்றார். பிறகு தெரேனோடு தோளுரசி வேலை செய்தார். வான்கோவின் கித்தான்களை நேரில் பார்த்துத் தலைகீழாக மாறினார். பின்னர் முந்தைய தலைமுறை ஓவியர் செஸானின் படங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வரிசையில் கற்காமல், தன் நெஞ்சில் எது தைத்ததோ அதை மட்டும் கற்றார். அவருடைய பலம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தனக்கு உவக்காததைக் கடைசிவரை கற்க மறுத்தாரே, அவருடைய எல்லையும் அங்கேயே இருக்கிறது. கீழே வரும் பல விடைகள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

குடும்பப் பின்னணி என்ன?

இசைக் குடும்பம். தந்தை ஃபிளாண்டர்ஸ் வம்சாவளி, வயலின் கற்றுக்கொடுத்தவர். தாய் பியானோ ஆசிரியை. மோரிஸுக்கு 3 வயதானபோது குடும்பம் பாரிஸுக்கு மேற்கே லெ வெஸினே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு, பதினேழு வயதில் அவர் பக்கத்திலுள்ள ஷத்தூவுக்குப் போய்விட்டார். சேன் நதிக்கரையில் அமைந்த இந்த ஊரும், ஆற்றின் நடுவே நீண்டு கிடக்கும் தீவும், இழுவைப் படகுகளும், கரையோர வீடுகளும்தான் அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களின் களம்.

வயலின் வாழ்நாள் முழுக்கக் கூட வந்தது. பகலில் பாடம் சொல்லிக்கொடுப்பார், இரவில் பாரிஸின் நாடகக் கொட்டகைகளிலும் கேளிக்கை விடுதிகளிலும் குழுவோடு வாசிப்பார். கிடைத்த இடைவெளியில் வரைந்தார். இருபது வயதை ஒட்டியே திருமணமாகிப் பெண் குழந்தைகளுக்குத் தந்தையாகிவிட்டதால், வருமானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வரையும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

சைக்கிள் வீரர் என்கிறார்களே?

ஆமாம். நல்ல ஆகிருதியும் அசாத்திய உடல் வலுவும் உள்ளவர். பந்தயத்தில் பரிசுப் பணம் சம்பாதித்தார். 1896இல் வந்த டைஃபாய்டு காய்ச்சல் அந்த வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வேகத்தின் மீதான மோகம் மட்டும் குறையவில்லை. வயதான பிறகும் மோட்டார் வண்டிகளை விரும்பி ஓட்டினார். அவர் வரைந்த சாலைகள் அடிவானத்தை நோக்கிப் பாயும் விதத்தைப் பார்த்தால், இது ஓட்டத் தெரிந்தவன் பார்த்த சாலை என்று தோன்றும்.

தெரேனைச் சந்தித்தது எப்படி?

1900ஆம் ஆண்டு, இராணுவச் சேவையின் இறுதிக் காலத்தில். பாரிஸிலிருந்து ஷத்தூ செல்லும் ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில் இருந்தார்கள். வண்டி தடம் புரண்டது. பெரிய விபத்தல்ல. இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. நடந்துகொண்டே பேசியதில் இருவரும் வரைபவர்கள் என்று தெரிந்தது. மறுநாளே சேர்ந்து வரையக் கிளம்பிவிட்டார்கள்.

ஆந்த்ரே தெரேன் அப்போது இருபது வயது இளைஞர். வசதியான வீட்டுப் பிள்ளை, நிறையப் படித்தவர், அருங்காட்சியகங்களில் பொழுதைக் கழித்தவர். விளாமிங்க் நேர் எதிர். இருவரும் ஷத்தூ தீவில் லெவானர் என்ற பழைய உணவகக் கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை ஆக்கிக்கொண்டார்கள். அதற்குப் பக்கத்தில்தான் ஃபூர்னேஸ் விடுதி. இருபது ஆண்டுகளுக்கு முன் ரெனுவார் தன் புகழ்பெற்ற படகோட்டிகளின் விருந்து ஓவியத்தை அந்த விடுதியின் மாடியில் வைத்து வரைந்திருந்தார். கணநேரக் காட்சியைப் பிடிக்கும் இம்ப்ரஷனிசப் பாணி மெல்லிய ஒளியோடு சிரித்து விளையாடிய அதே ஆற்றங்கரையில் இந்த இரண்டு இளைஞர்களும் சிவப்பையும் மஞ்சளையும் வாரி இறைத்தார்கள்.

அடுத்த ஆண்டே தெரேன் இராணுவச் சேவைக்குப் போய்விட்டார். 1904 வரை அங்கிருந்து அவர் விளாமிங்குக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்தன. ஓவியம் எதற்கு, எதை நம்பி வரைவது என்று ஓர் இளைஞன் நண்பனிடம் மனம் திறந்து பேசும் கடிதங்கள் அவை. தெரேனுக்குச் சிந்திக்கத் தெரிந்தது, விளாமிங்குக்குத் துணியத் தெரிந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த உயரத்தை எட்டியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

வான்கோ ஓவியங்களை எப்போது பார்த்தார்?

1901 மார்ச்சில். பாரிஸின் பெர்ன்ஹைம்-ஷேன் கேலரியில் வான்கோவின் படைப்புகள் பெரிய அளவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வான்கோ இறந்து 11 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அன்று என் தந்தையைவிட வான்கோவை அதிகம் நேசித்தேன் என்று விளாமிங்க் எழுதினார். தெரேன் அவரை மத்தீஸுக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தக் கண்காட்சியில்தான். பின்னாளில் ஃபோவ் குழுவின் முதுகெலும்பாக நின்ற மூவரும் அன்று ஒரே கூரையின் கீழ் நின்றிருந்தார்கள்.

வான்கோவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது நிறங்களைக் காட்டிலும் தூரிகை வீச்சைத்தான். சிறு சிறு கோடுகளாக, ஒரு திசையில் அடுக்கடுக்காக விழும் அந்த வீச்சு. வயலின் திசையும் ஆற்றின் திசையும் காற்றின் திசையும் அதில் தெரியும். 1905, 1906 கித்தான்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

1905இல் என்ன நடந்தது? காட்டு மிருகங்கள் என்ற பெயர் எப்படி வந்தது?

அந்த ஆண்டு பாரிஸின் கிராண்ட் பலேயில் நடந்த இலையுதிர்காலக் காட்சியில் மத்தீஸ், தெரேன், விளாமிங்க், மார்க்கே, மாங்கேன், கமுவான் ஆகியோரின் ஓவியங்கள் ஏழாம் எண் அறையில் மாட்டப்பட்டன. அறையின் நடுவே மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பாணியில் ஒரு சிறு சிற்பம். விமர்சகர் லூயி வொக்ஸெல் இதைப் பார்த்துவிட்டு, காட்டு மிருகங்களுக்கு நடுவே தொனதெல்லோ மாட்டிக்கொண்டார் என்று எழுதினார். தொனதெல்லோ மறுமலர்ச்சிக் கால இத்தாலியச் சிற்பி. காட்டு மிருகங்கள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் ஃபோவ்.

மக்கள் சிரித்தார்கள், பத்திரிகைகள் திட்டின. ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொல்லார் சிரிக்கவில்லை. 1906இல் அவர் ஷத்தூவுக்கு வந்து விளாமிங்கின் பட்டறையில் இருந்த ஓவியங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டார். முப்பது வயதில்தான் விளாமிங்க் வயலின் பாடங்களை நிறுத்திவிட்டு முழுநேரமும் வரையத் தொடங்கினார்.

எந்த ஓவியத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஒர்ஸே அருங்காட்சியகத்தில் உள்ள பூஜிவால் மஷீன் உணவகம். 1905 வாக்கில் வரைந்தது. பூஜிவாலில் சேன் நதி நீரை வெர்சாய் அரண்மனைக்கு ஏற்றிக்கொடுக்க, பதினான்காம் லூயி காலத்திலேயே பிரம்மாண்டமான நீரேற்று இயந்திரம் நிறுவப்பட்டது. அதன் பெயரைத்தான் உணவகம் சூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் பகுதி அது. விளாமிங்கின் கித்தானில் அந்தக் கூட்டத்தைக் காணோம். மஞ்சளும் ஆரஞ்சுமாக எரியும் தரை, சிவப்பும் நீலமுமாக நிற்கும் மரம், பின்னால் பச்சைச் சரிவில் வீடுகள். உல்லாசத்துக்குப் பேர்போன இடத்திலிருந்து உல்லாசத்தை முற்றாக எடுத்துவிட்டு வெயிலின் சூட்டை மட்டும் வைத்திருக்கிறார். அந்த நிறங்கள் மகிழ்ச்சியைச் சொல்கின்றன என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அவற்றில் ஒரு கோபம் தெரிகிறது.

அடுத்து, பாரிஸின் பொம்பிது மையத்துக்குச் சொந்தமான சிவப்பு மரங்கள், 1906. அடிமரங்கள் செங்குத்தாக, கித்தானின் கீழிருந்து மேல்வரை எழுந்து நிற்கின்றன. நீலக் கோடு அவற்றைச் சுற்றி வளைக்கிறது. பின்னாலுள்ள வீடுகளை மரங்களின் இடைவெளி வழியாகத்தான் பார்க்க முடியும். மரங்கள் அசைய மறுக்கின்றன, நிறங்கள் நிற்க மறுக்கின்றன. இந்தப் படத்தின் இழுபறி முழுக்க அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள தெரேனின் உருவப்படம், 1906. அட்டையில் எண்ணெய் வண்ணம். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். வாயில் புகைக்குழாய், முகம் முழுக்கச் செங்காவி கலந்த சிவப்பு, அதன்மேல் மஞ்சளும் பச்சையும் கீற்றுகளாக. நண்பனை இவ்வளவு முரட்டுத்தனமாகவும் இவ்வளவு அன்போடும் வரைந்த வேறொரு படத்தை அந்தக் காலத்து பாரிஸில் நான் காணவில்லை.

அதற்கும் முன்னால் போக விரும்பினால், 1900இல் வரைந்த மது விடுதிப் பெண்ணின் படத்தைப் பாருங்கள். அவிஞ்ஞோன் நகரின் கால்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உதட்டில் சிகரெட்டும் எதிரே ஒயின் கிண்ணமுமாக உட்கார்ந்திருக்கும் பெண். வான்கோ கண்காட்சிக்கு முன்பே வரைந்த படம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடித்த சிவப்பு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

அந்த நிறங்களை எப்படித் தீட்டினார்?

பெரும்பாலும் கலக்காமல். வண்ண டியூப்பிலிருந்து நேரே கித்தானில் பிதுக்கி, தூரிகையால் அழுத்தித் தள்ளுவார். வெர்மிலியன், குரோம் மஞ்சள், கோபால்ட் நீலம், பச்சை. நிழலுக்குக் கறுப்பையோ பழுப்பையோ தேடாமல் நீலத்தை வைத்தார். கித்தானின் வெற்றிடத்தை ஆங்காங்கே அப்படியே விட்டுவிடுவார். அந்த வெள்ளைதான் நிறங்களுக்கு மூச்சு.

எல்லாமே வெறி என்று நினைத்துவிட வேண்டாம். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் என்று எதிர் நிறங்களை அவர் வைத்த இடங்களைப் பார்த்தால் கண்ணின் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று புரியும். இந்தக் கணக்கை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் கணக்கு இருந்தது.

ஃபோவ் ஓவியர் என்பதா, எக்ஸ்பிரஷனிஸ்ட் என்பதா?

இரண்டும் பொருந்தும். எக்ஸ்பிரஷனிஸ்ட் என்றால், கண்ட காட்சியைவிட உள்ளத்து உணர்ச்சியை முன்னிறுத்தி வரைபவர். 1911இல் பெர்லின் செசெஷன் என்ற ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் பிரான்ஸிலிருந்து வந்த இளம் ஓவியர்களை எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்ற தலைப்பில் தனியாகத் தொகுத்துக் காட்டினார்கள். தெரேன், விளாமிங்க், பிராக், பிக்காஸோ, வான் டோங்கென் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஜெர்மானியர்களின் அடையாளமாக இன்று நாம் நினைக்கும் பெயர் அங்கே பரவலானதே பிரெஞ்சுக்காரர்களைக் குறிப்பிட்டுத்தான். அதற்கு முந்தைய ஆண்டு மியூனிக்கில் ஓவியர் காந்தின்ஸ்கியின் குழு நடத்திய கண்காட்சியிலும், 1912இல் கொலோன் நகரின் பெரிய கண்காட்சியிலும் விளாமிங்கின் படங்கள் இருந்தன.

இயல்பால் அவர் எக்ஸ்பிரஷனிஸ்ட்தான் என்பேன். மத்தீஸுக்கு நிறம் என்பது அமைதியான ஒழுங்கு. விளாமிங்குக்கு அது உணர்ச்சியின் வெளிப்பாடு. இளமையில் அவர், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதத்தைப் பரப்பிய பத்திரிகைகளில் எழுதியவர். நிஜ வாழ்க்கையில் குண்டு வீசினால்தான் செய்ய முடிந்திருக்கும் ஒன்றை, தூய நிறங்களைக் கொண்டு ஓவியத்தில் செய்ய முயன்றதாகத் தன் இளமையைப் பற்றி எழுதினார்.

ஆப்பிரிக்கச் சிற்பங்களை முதலில் கண்டுகொண்டவர் இவர்தானா?

அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அர்ஜந்தேய் ஊரில் ஒரு மது விடுதியின் அலமாரியில் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்து, அங்கிருந்தவர்களுக்கு ஒயின் வாங்கிக்கொடுத்து அவற்றைப் பெற்றதாக எழுதியிருக்கிறார். பிறகு மத்திய ஆப்பிரிக்காவின் ஃபாங் மக்களுடைய வெள்ளை முகமூடி ஒன்றும் அவர் கைக்கு வந்தது. அதைத் தெரேன் கெஞ்சி வாங்கிக்கொண்டார். தெரேனின் பட்டறையில் அதை மத்தீஸும் பிக்காஸோவும் பார்த்தார்கள். அந்த முகமூடி இன்று பொம்பிது மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

முதலில் கண்டது யார் என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. அந்த முகமூடியைச் செதுக்கியவரின் பெயரை இவர்களில் யாரும் கேட்கவில்லை. அது காலனி ஆதிக்கக் காலம், அந்தப் பொருள்கள் பாரிஸ் வந்து சேர்ந்த வழியும் அதுவே. இதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

1907க்குப் பிறகு நிறங்கள் ஏன் அடங்கின?

1906 அக்டோபரில் செஸான் இறந்தார். மறு ஆண்டு இலையுதிர்காலக் காட்சியில் அவருடைய படைப்புகளை ஒன்றுசேர்த்து வைத்தார்கள். பாரிஸின் இளம் ஓவியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் கட்டுண்டார்கள். விளாமிங்கும் நிறத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வீடுகளையும் மரங்களையும் கட்டடம் எழுப்புவது போல் கனமாக அமைக்கத் தொடங்கினார். சிவப்பு விடைபெற்றது, ஆழ்ந்த நீலமும் பச்சையும் சாம்பலும் வந்தன.

வெறும் நிறத்தின் பலத்தை வைத்து எவ்வளவு தூரம் போவது என்ற சலிப்பும் இருந்தது. தூய நிறத்தின் உச்சம்வரை போய்விட்டால் அதற்குமேல் போக இடமில்லை என்று அவரே உணர்ந்தார். சிறிது காலம், உருவங்களை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் க்யூபிசத்தையும் தொட்டுப்பார்த்துவிட்டு விலகினார். ஓவிய வணிகர் கான்வைலர் இந்த ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியரான கான்வைலரின் கையிருப்பு எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிமுதல் செய்யப்பட்டது. 1921 முதல் 1923 வரை பிராக், பிக்காஸோ, தெரேன் படங்களோடு விளாமிங்கின் படங்களும் அரசாங்க ஏலத்தில் போயின.

பிற்கால நிலக்காட்சிகள் வெறும் திரும்பச் சொல்லல் என்கிறார்களே?

பல கலை வரலாற்று நூல்கள் 1907ஓடு விளாமிங்கை முடித்துவிடுகின்றன. அதற்குப் பின் அவர் அரை நூற்றாண்டு வரைந்தார். இந்தப் புறக்கணிப்பை என்னால் ஏற்க முடிவதில்லை.

போர்க்காலத்தில் பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். 1919இல் துருவே கேலரியில் நடந்த கண்காட்சி நல்ல வெற்றி பெற்றது. இரண்டாம் மனைவி பெர்த்தோடு முதலில் உவாஸ் நதிப் பக்கம் வால்மொந்துவாவிலும், 1925 முதல் நார்மண்டி எல்லையை ஒட்டிய ருவேய்-லா-கதலியேரில் ஒரு பண்ணை வீட்டிலும் குடியிருந்தார். கோதுமை வயல், பண்ணைக் கட்டடங்கள், நேராக ஓடும் நாட்டுப்புறச் சாலை, அகன்ற வானம். அவ்வளவுதான் அங்கே.

அங்கே வரைந்த பனிக்காலப் படங்களில் வானம் கருநீலம். சாலையில் மிதிபட்ட பனி சாம்பலும் வெள்ளையுமாகக் குழைந்து கிடக்கிறது. பட்டைக்கத்தியால் வெள்ளையை வழித்துப் பூசியிருக்கிறார். அருகில் போனால் வண்ணம் சேறு போல மேடு தட்டி நிற்கும். இருபுறமும் வீடுகள் ஏதோ அறைந்தது போலச் சாய்ந்திருக்கும். தூரத்தில் ஒற்றை ஆள் போய்க்கொண்டிருப்பார், சில படங்களில் அவரும் இருக்க மாட்டார். ஷத்தூவில் சிவப்பால் சொன்னதை இங்கே கறுப்பாலும் வெள்ளையாலும் சொல்கிறார். மனிதர் மாறவில்லை என்பதை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உணரலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பனிச் சாலைகள் நன்றாக விற்றன. விற்கவே, ஒரே அமைப்பை மறுபடி மறுபடி வரைந்தார். பத்துப் படங்களில் ஏழு, எட்டு கைப்பழக்கத்தில் வந்தவை. கற்றுக்கொள்வதை நிறுத்திய கை எப்படி இருக்கும் என்பதை அவை காட்டுகின்றன. மீதி இரண்டு, மூன்றுக்காக நான் மற்றவற்றைப் பொறுத்துக்கொள்வேன்.

ஜப்பானில் இவருக்கு அவ்வளவு புகழ் எப்படி?

இருபதுகளில் பாரிஸுக்கு வந்த ஜப்பானிய இளம் ஓவியர்களால். ஒசாகாவில் பிறந்த சேகி யூஸோ 1924 கோடையில் ஒரு நண்பரோடு விளாமிங்கைப் பார்க்கப் போனார். தான் வரைந்த நிர்வாணப் பெண் ஓவியம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினார். விளாமிங்க் பார்த்தார். பள்ளிக்கூடத்தனம் என்று கத்தினார். நீண்ட நேரம் திட்டித் தீர்த்தார்.

நொறுங்கிப்போன சேகி அந்த ஆண்டிலேயே ஒரு தன்னுருவப் படம் வரைந்தார். கையில் தூரிகையோடு நிற்கிறார், முகத்தை மட்டும் சுரண்டி அழித்திருக்கிறார். அதன் பிறகு பாரிஸின் அழுக்கேறிய சுவர்களையும் கிழிந்த சுவரொட்டிகளையும் தெருமூலைகளையும் அவர் வரைந்த வேகம் வியப்புக்குரியது. 1928இல் பிரான்ஸிலேயே இறந்தபோது வயது 30. ஜப்பானிய நவீன ஓவியத்தில் அவர் இடம் பெரிது. விளாமிங்கின் அந்தக் கத்தல் கொடூரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் சேகி தன் கண்ணால் பார்க்கத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான்.

பிக்காஸோவோடு என்ன பகை?

க்யூபிசம் பிரெஞ்சு ஓவியத்தைக் கெடுத்தது, அதற்குப் பிக்காஸோவே காரணம் என்று விளாமிங்க் உறுதியாக நம்பினார். ஓவியம் உணர்ச்சியிலிருந்து வர வேண்டும், அறிவு விளையாட்டாக அது ஆகிவிட்டது என்பது அவர் வாதம். வாதமாக இதைப் பேசியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் அதை அச்சிட்ட நேரம்தான் மன்னிக்க முடியாதது. 1942 ஜூன் 6 அன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில், கொமேதியா வார இதழில் பிக்காஸோவைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அப்போது பிக்காஸோ அதே நகரில், கண்காட்சி நடத்த அனுமதியில்லாமல், கண்காணிப்பின் கீழ் வாழ்ந்துகொண்டிருந்த அந்நியர். ஓவியர் ஆந்த்ரே லோத் பிக்காஸோவுக்காகத் துணிந்து பதில் எழுதினார்.

நாஜிகளோடு தொடர்பு இருந்ததா?

1941 நவம்பரில் ஜெர்மன் பிரச்சாரத் துறையின் அழைப்பில் பிரெஞ்சு ஓவியர்களும் சிற்பிகளும் குழுவாக ஜெர்மனிக்குப் போனார்கள். தெரேன், வான் டோங்கென், ஃபிரியேஸ், செகோன்ஸாக், சிற்பி தெஸ்பியோ ஆகியோரோடு விளாமிங்கும் போனார். பாரிஸ் ரயில் நிலையத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் போர்க்கைதிகள் விடுவிக்கப்படுவார்கள் என்ற வாக்குறுதியை நம்பிப் போனதாகப் பயணம் போனவர்கள் பின்னர் சொன்னார்கள்.

இதே நாஜிகள்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து நவீன ஓவியங்களைச் சீரழிந்த கலை என்று பிடுங்கியெறிந்தவர்கள். 1939 ஜூனில் ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் அவற்றில் ஒரு பகுதியை ஏலம் விட்டபோது விளாமிங்கின் படமும் ஏலத்தில் இருந்தது. தன் படைப்பை இழிவுபடுத்தியவர்களின் விருந்தாளியாக அவர் போனார். அதே நாட்களில் யூத ஓவியர் சூத்தீன் பிரெஞ்சுக் கிராமங்களில் ஒளிந்து வாழ்ந்தார். 1943 ஆகஸ்டில், வயிற்றுப் புண்ணுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் பாரிஸில் இறந்தார்.

ஜெர்மானியரிடமிருந்து பாரிஸ் விடுதலையான பின் நடந்த 1944 இலையுதிர்காலக் காட்சியில் பயணம் போனவர்களுக்கு இடமில்லை. பிக்காஸோவைக் கௌரவிப்பதாகவே அந்தக் காட்சி அமைந்தது. விளாமிங்கின் பெயர் அதற்குப் பின் முழுமையாக மீளவில்லை.

அவர் படங்களை நேசிக்கிற நானும் இதற்குச் சமாதானம் சொல்ல விரும்பவில்லை. இளமையில் எல்லா அதிகாரத்தையும் எதிர்த்தவர் முதுமையில் ஓர் அதிகாரத்தின் ரயிலில் ஏறினார். ஓவியத்தைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டியதில்லை. இதை நினைத்துக்கொண்டே ஓவியத்தைப் பார்க்க முடியும்.

எழுத்தாளரும்கூடத் தானா?

ஆமாம். 1902இல் ஒரு நண்பரோடு சேர்ந்து எழுதிய முதல் நாவலுக்குப் படம் போட்டவர் தெரேன். கவிதை, தன்வரலாறு, கட்டுரை என்று இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள். தன்வரலாற்று நூல்களில் தேதிகளை நம்பக்கூடாது. தன்னை எல்லாவற்றுக்கும் முன்னோடியாகக் காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு அதிகம். மரச்செதுக்கு அச்சு, கல்லச்சு இரண்டிலும் தேர்ந்தவர். மட்கலைஞர் ஆந்த்ரே மெத்தேயோடு சேர்ந்து தட்டுகளிலும் குவளைகளிலும் வரைந்தவையும் உண்டு.

இன்று அவர் படங்களின் விலை?

காலத்தைப் பொறுத்தது. ஃபோவ் ஆண்டுகளின் படங்கள் அரிதாகவே விற்பனைக்கு வருகின்றன. 1905இல் வரைந்த ஒரு புறநகர் நிலக்காட்சி 2011இல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டியது. பிற்காலப் பனிக்காட்சிகள் அதில் மிகச் சிறிய பங்குக்கே கிடைக்கும். எண்ணிக்கை அதிகம் என்பதால் போலிகளும் புழங்குகின்றன; சான்றில்லாமல் வாங்கக்கூடாது.

எங்கே பார்க்கலாம்?

பாரிஸில் ஒர்ஸே அருங்காட்சியகம், பொம்பிது மையத்தின் சேகரிப்பு. அமெரிக்காவில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், நவீனக் கலை அருங்காட்சியகம், வாஷிங்டன் தேசிய கேலரி, சிகாகோ கலை நிறுவனம். வாஷிங்டனில் உள்ள ஷத்தூ இழுவைப் படகு ஓவியத்தை இணையத்தில் மிகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், தூரிகைத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். பிற்காலப் படங்களுக்கு, அவர் கடைசியாக வாழ்ந்த மாவட்டத்தின் தலைநகரான ஷார்த்ரின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெரும்பாலானோர் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் 2024இல் போட்ஸ்டாமின் பார்பெரினி அருங்காட்சியகமும், தொடர்ந்து வுப்பர்டால் நகரின் ஃபொன் டேர் ஹைட் அருங்காட்சியகமும் அவருடைய படைப்புகளை விரிவாகக் காட்சிக்கு வைத்தன. பாரிஸ் போகிறவர்கள் ஷத்தூவுக்கும் புறநகர் ரயிலில் போய்வரலாம். லெவானர் வீடும் ஃபூர்னேஸ் விடுதியும் அதே தீவில் இன்றும் இருக்கின்றன.